நடுவில் ஒரு கண்ணாடி

கண்ணாடி துடைக்கப் பழைய செய்தித்தாளை மிஞ்சியது எதுவும் இல்லை. கடைகளில் என்னென்னவோ துணி விற்கிறார்கள், அமுக்கினால் நுரை வரும் புட்டி விற்கிறார்கள். எல்லாம் காய்ந்த பிறகு கோடு காட்டும். தாளை நன்றாகக் கசக்கி, கொஞ்சமாகத் தண்ணீர் தொட்டு, மேலும் கீழுமாகத் துடைத்தால் போதும். ஒரே ஒரு வகைக் கண்ணாடிக்கு மட்டும் இது ஆகாது. அதற்கு மெல்லிய பருத்தித் துணிதான் வேண்டும். அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன், டாக்டர்.

படங்களுக்குச் சட்டம் போடுவது என் தொழில். போன வாரம் என் தங்கையோடு உங்கள் மருத்துவமனைக்கு வந்தவள் நான்தான். துண்டில் சுற்றி ஒரு செத்த ஓணானைக் கொண்டுவந்தோமே, ஞாபகம் இருக்கும். உங்களிடம் நாங்கள் வந்தது அன்றுதான் முதல் தடவை. நீங்கள் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் செருகிவிட்டு இரண்டு விஷயம் சொன்னீர்கள்.

"சூடு தாங்காமதான் போயிருக்கு. அதுல சந்தேகம் இல்ல. ஆனா இந்த எலும்பப் பாருங்க. இது ரெண்டு மூணு வருஷமா சரியான வெளிச்சம் படாத எலும்பு."

பிறகு ஒரு கேள்வி கேட்டீர்கள். "விளக்குக்கும் இதுக்கும் நடுவுல கண்ணாடி, பிளாஸ்டிக் ஏதாவது இருந்துச்சா?"

"இல்ல டாக்டர். கம்பிவலை மட்டுந்தான்," என்றாள் என் தங்கை.

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீங்கள் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அடுத்த ஆள் ஓர் ஆமையோடு உள்ளே வந்துவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து வருவது எனக்குப் பழக்கமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

தங்கையை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். முப்பத்தொரு வயதுப் பாப்பா. அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு ஒன்பது, எனக்கு இருபத்துமூன்று. அப்பாவின் கடை வீட்டின் முன்னறைதான். மறுவாரமே திறந்துவிட்டேன். பாப்பா வேலை மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். மேலே நான் மரச்சட்டத்தை நாற்பத்தைந்து பாகையில் அறுப்பேன். தூள் அவள் தலையில் விழும். ராத்திரி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். பாப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றேன். பேச்சு அத்தோடு நின்றது. அதை நான் தியாகம் என்று சொல்லிக்கொண்டதில்லை. மற்றவர்கள் சொன்னபோது மறுத்ததும் இல்லை.

அவள் படித்து எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போனாள். அடுத்தவர் எலும்பைப் பார்த்தே சம்பாதிக்கிறவள் என்று கேலி செய்வேன். "நீ மட்டும் என்னக்கா, அடுத்தவங்க மூஞ்சியப் பாத்துச் சம்பாதிக்கிற," என்பாள். அந்த வீட்டில் அப்படித்தான் பேசிக்கொள்வோம். இரண்டு பேருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஓணான் வந்தது நாலு வருடத்துக்கு முன்னால். மாடியில் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியார் மாற்றலாகிப் போகும்போது, அதைக் கூட்டிப்போக முடியாது என்று பாப்பாவிடம் கொடுத்துவிட்டார். பாலைவனத்து ஜாதி; தாடை நெடுக முள்ளு முள்ளாகத் தாடி. கோபம் வந்தால் தாடி கறுக்கும். யாராவது சத்தமாகப் பேசினால் தலையைச் சாய்த்து, வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்பதுபோல் ஒரு பார்வை. கொடுத்தவரின் நினைவாகவும், இந்தப் பார்வைக்காகவும் அதற்கு வாத்தியார் என்றே பேர் வைத்தாள்.

பாப்பா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். வாத்தியாருக்கு என்ன வெளிச்சம் வேண்டும் என்று தேடித்தேடிப் படித்தாள். குளிர்காய ஒரு சூட்டு விளக்கு, ஒரு மூலையில். அது தவிர நீளமான ஒரு குழல் விளக்கு. அதிலிருந்துதான் புற ஊதாக் கதிர் வரும். அது தோலில் பட்டால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். இல்லாவிட்டால் என்னதான் ஊட்டினாலும் எலும்பு ரப்பராகிவிடும். பன்னிரண்டு மணி நேரம் எரிய வேண்டும், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு வேண்டும். குழல் பார்வைக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் ஆறு மாதத்தில் அந்தக் கதிர் வற்றிவிடும் என்று, மாட்டிய தேதியைத் துண்டு நாடாவில் எழுதி ஒட்டுவாள். "கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் வேறக்கா, எலும்புக்கு வேண்டிய வெளிச்சம் வேற," என்று எனக்குப் பாடம் எடுத்தாள்.

எனக்கு அந்தக் கதிரைத் தெரியாமல் இல்லை. எங்கள் தொழிலுக்கே அதுதான் எதிரி. சுவரில் மாட்டிய படம் வெளுப்பது அதனால்தான். அதைத் தடுக்கவென்றே ஒரு கண்ணாடி வருகிறது. விலை கூடியது, அருங்காட்சியகங்களில் போடுவது. அதற்கு இன்னொரு குணமும் உண்டு. பளபளப்பே இருக்காது. எதிரில் நின்று பார்த்தால் கண்ணாடி இருப்பதே தெரியாது. கடைக்கு வருகிறவர்கள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள். பிறகு அந்த விரல் அடையாளத்தை நான் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும்.

பாப்பாவின் பிறந்த நாளுக்கு, அந்தக் குழல் விளக்குக்கு நான் ஒரு மரக்கூடு செய்து கொடுத்தேன். கூண்டின் கம்பிவலை மூடிமேல் உட்காரும். மேல் பலகையைத் திறந்து குழலை மாற்றிக்கொள்ளலாம். வழக்கம்போல் அடியில் காடிப் பள்ளம் எடுத்து, தூசி போகாமல் இருக்க ஒரு கண்ணாடியைச் செருகினேன். ஒரு பெரிய வேலையில் மிஞ்சிய துண்டு, அந்த நல்ல வகைக் கண்ணாடி. என் கையிலிருந்து கண்ணாடி இல்லாமல் எதுவும் வெளியே போனதில்லை. தச்சன் ஆணி அடித்ததைச் சொல்லிக்கொள்ளமாட்டான்; நானும் சொல்லவில்லை. பாப்பா கூட்டைத் தடவிப் பார்த்து, "அய்யோ அக்கா, வாத்தியாருக்கு மாளிகையே கட்டிட்ட," என்றாள். அவள் கண்ணுக்கு அந்தக் கண்ணாடி தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் அதன் வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் மூடும் எந்தச் சட்டத்திலும் உள்ளே ஒரு சீட்டு இருக்கும்: தேதி, அளவு, என்ன கண்ணாடி. நாளைக்கு யாராவது பிரித்துப் பழுது பார்த்தால் தெரிய வேண்டுமல்லவா. அப்பா சொல்லித்தந்த வழக்கம். அந்த மரக்கூட்டிலும் பின்பலகையின் உட்புறம் சீட்டு ஒட்டியிருக்கிறேன். 'புற ஊதா தடுப்புக் கண்ணாடி' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை என்பது என் குற்றம் ஆகாது.

நாலு மாதம் கழித்து வாத்தியாருக்குக் கால்விரல் நடுங்க ஆரம்பித்தது. அந்த வாரம்தான் பாப்பாவுக்கு வேறு ஊரிலிருந்து வேலைக் கடிதம் வந்திருந்தது. பெரிய மருத்துவமனை, ரயிலில் எட்டு மணி நேரம். கடிதத்தை என் முன்னால் படித்துக் காட்டினாள். "நீயும் வந்துடேன் அக்கா. அங்கயும் சுவர் இருக்கும், மாட்டறதுக்குப் படமும் இருக்கும்." நான் சிரித்தேன். கடையை எங்கே விடுவது என்றேன். ஆனால் போகாதே என்று சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாய் பூனைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு எலும்பு இளகியிருக்கிறது என்றார். பாப்பா எக்ஸ்ரேயைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதம் கழித்து வேலையில் சேர்வதாக எழுதிப்போட்டாள். குழல் பழசாகியிருக்கும் என்று புதிது வாங்கிவந்தாள். அவள் வேலைக்குப் போன பிறகு அந்தக் காலி அட்டைப்பெட்டியை நான் மடிக்க எடுத்தேன். ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: விளக்குக்கும் பிராணிக்கும் நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வைக்கக் கூடாது.

மூன்று தடவை படித்தேன். பிறகு கண்ணாடியை உருவி எடுத்து, காகிதத்தில் சுற்றி, மேசைக்குக் கீழே வைத்தேன். சாயங்காலம் அவளிடம் சொல்லலாம் என்றிருந்தேன். வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு மடத்தனம் செய்ததில்லை. அவள் வந்ததும் வராததுமாக வாத்தியாரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "பயப்படாதடா, நான் எங்கயும் போகல," என்றாள். நான் சொல்லவில்லை.

அடுத்த ஐந்து வாரம் நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக வெகுநாளாக இருந்ததில்லை. வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வருவாள். நான் வாத்தியாரின் வாயை மெல்லத் திறந்து பிடித்துக்கொள்வேன், அவள் மருந்தைச் சொட்டு விடுவாள். இரண்டு தலையும் அந்த விளக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் என் தோளில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். வாத்தியாருக்கு நடுக்கம் நின்றது. எழுந்து நின்று தாடியைக் கறுக்கிக் காட்டினார். பாப்பா அழுதாள், சந்தோஷத்தில்தான். பிறகு போய்ப் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினாள்.

அவள் பெட்டியில் துணி அடுக்குவதை வாசலில் நின்று பார்த்தேன். கடைக்குத் திரும்பி, மேசைக்கு அடியிலிருந்து கண்ணாடியை எடுத்தேன். முதல் தடவை தெரியாமல் போட்டது. இரண்டாவது தடவை துடைத்துவிட்டுப் போட்டேன்.

நான் அதைக் கொல்ல நினைத்ததே இல்லை, டாக்டர். இதை நீங்கள் நம்ப வேண்டும். அது செத்தால் அவள் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியாதா. அது உயிரோடு இருக்க வேண்டும். பயணம் போக முடியாத அளவுக்கு இருக்க வேண்டும். அதற்கு ஓர் அளவு கண்டுபிடிக்க எனக்கு அரை வருடம் ஆனது. ஆறு வாரம் கண்ணாடி, மூன்று வாரம் கண்ணாடி இல்லாமல். குளிர்காலத்தில் ஐந்தும் நாலும். நடை தடுமாறினால் எடுத்துவிடுவேன். பின்கால் இழுத்தால் கூடுதலாக ஒரு வாரம் வெளிச்சம் கொடுப்பேன். ஒரு தடவை கொஞ்சம் அசட்டையாக இருந்துவிட்டேன், முன்கால் ஒடிந்துவிட்டது. அதற்காக எனக்கு வருத்தம் உண்டு. குச்சி வைத்துக் கட்டியது நான்தான். நூலிழைபோல மெல்லிய மரச்சீவல் என்னிடம்தானே இருக்கும்.

பாப்பா கதிரை அளக்கும் கருவி ஒன்று வாங்கினாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அளப்பாள். சனிக்கிழமை விளக்கு அணைந்ததும் நான் கண்ணாடியை உருவிவிடுவேன். கருவி சரியான எண்ணைக் காட்டும். அவள் அந்த எண்ணை வெறித்துப் பார்ப்பாள். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறப்பாள். எத்தனை பூச்சி தின்றது, எத்தனை கிராம் எடை, எந்தப் பொடி, என்ன சூடு, எல்லாம் அதில் இருக்கும். தப்பு எங்கே என்று திரும்பத் திரும்பத் தேடுவாள்.

"எல்லாம் சரியாத்தானக்கா செய்யறேன். அப்ப என்கிட்டதான் ஏதோ தப்பு."

"அப்படியெல்லாம் இல்ல பாப்பா. சாப்பிட வா."

நான் சொன்ன ஆறுதலும் பொய்யில்லை. அவளிடம் தப்பே இல்லை என்று அந்த வீட்டில் என்னைவிட உறுதியாகத் தெரிந்தவர் யார்.

அந்தப் பெரிய மருத்துவமனை இரண்டு தடவை காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டது. அவள் அன்று பெட்டியைப் பரண்மேல் ஏற்றினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். சும்மா சொல்லக் கூடாது, அவள் அதற்காக என்னிடம் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. "நல்லதாப் போச்சு, உன் சாப்பாடு எனக்கு எங்க கிடைக்கும்," என்றாள். நான் அன்று இரண்டு பேருக்கும் பிடித்ததாகச் சமைத்தேன்.

அப்புறம்தான் வானிலைக்காரர் வந்தார். வானிலை அலுவலகத்தில் வேலை. பாப்பாவிடம் முழங்கால் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வந்தவர், கால் சரியான பிறகும் வந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர். எனக்கு அவர்மேல் ஒரு குறையும் இல்லை. நாளைக்கு மழை வருமா என்று கேட்டால், வந்தாலும் வரும் என்று உண்மையைச் சொல்வார். அவருக்குக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. பாப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு கூட்டிப்போக விரும்பினார். என்னிடம் வந்து முறையாகக் கேட்டார். நான் சம்மதம் சொன்னேன். முகம் கோணாமல் சொன்னேன்.

"வாத்தியார் குணமாகட்டும்," என்றாள் பாப்பா.

அவர் கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். "விளக்கெல்லாம் சரி. நிஜ வெயில் காட்டுனீங்களா? மேல மொட்டைமாடி சும்மாத்தான கிடக்கு?"

இத்தனை வருடமாக இது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவளுக்கு விளக்கின்மேல் இருந்த நம்பிக்கை அப்படி. எனக்குத் தோன்றாததுதான் ஆச்சரியம். வெயிலோடு மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும், பிறகு தினமும் காலையில், பாப்பா அதை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனாள். இரண்டு மாதத்தில் வாத்தியார் ஓட ஆரம்பித்தார். பின்கால் கொஞ்சம் வளைந்தது வளைந்ததுதான், ஆனால் ஓடினார். கீழே நான் கண்ணாடியை ஏழு வாரம், எட்டு வாரம் என்று விட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மேலே கிடைப்பதைக் கீழே என்னால் நிறுத்த முடியவில்லை.

கல்யாணத் தேதி குறித்தார்கள். அங்கே பார்க்கும் வீட்டிலும் மொட்டைமாடி இருக்குமா என்றுதான் பாப்பா முதலில் கேட்டாள். இருக்கிற வீடாகவே பார்க்கிறேன் என்றார் அவர்.

மொட்டைமாடியில் காக்கைகள் உண்டு. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு பருந்து வந்து உட்காரும். இது நான் கதை கட்டிச் சொல்வது இல்லை, நீங்கள் வந்து பார்க்கலாம். வாத்தியாரைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று பாப்பாவிடம் சொன்னேன். அவள் பயந்தாள். நான் ஒரு வெயில் பெட்டி செய்து கொடுத்தேன். நாலு பக்கமும் கண்ணாடி, மேலே கண்ணாடி மூடி, மூலைகளில் தேக்குச் சட்டம். கண்ணாடி வேலையில் என்னைக் குறைசொல்ல ஆள் கிடையாது. காற்றுப் போக மூடிக்குக் கீழே ஒரு விரற்கடை இடைவெளி விட்டிருந்தேன். கொடுப்பதற்கு முன் யோசித்துப் பார்த்து, அதையும் நாடா வைத்து அடைத்தேன். காக்கை மூக்கு நுழையும் என்றேன்.

"சூடாகிடாதா அக்கா?"

"பத்து நிமிஷம் வெச்சுட்டு எடுத்துடு. பக்கத்துலயே நில்லு."

இதுவும் சரியான யோசனைதான். அவள் அப்படியே செய்தாள். எட்டு மணி இளவெயிலில் பத்து நிமிடம், கையில் கடிகாரம். ஒன்றும் ஆகவில்லை. மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அவருக்கு வேண்டியது வராது என்பதும், அவர் திரும்பத் தளர்கிறார் என்பதும் அவளுக்குப் பிடிபட இன்னும் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. எனக்குத் தெரிந்த முறையில் அது போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்திருக்கத் தாமதமானது. முந்தின நாள் இரட்டை வேலை. பதினோரு மணிக்குப் பெட்டியை மேலே வைத்தாள். நான் அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே போன் அடித்தது. படியில் இறங்கியபடியே, "அக்கா, வாத்தியாரப் பாத்துக்கோ," என்றாள்.

நான் பார்த்துக்கொண்டேன்.

முதலில் அவர் வாயைத் திறந்தார். அந்த ஜாதி சூடு தாங்காவிட்டால் அப்படித்தான் செய்யும், பாப்பா சொல்லியிருக்கிறாள். பிறகு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடினார். கண்ணாடியில் ஏறப் பார்த்தார். நகம் கீறும் சத்தம் வெளியே வரவில்லை. மூடியை நான் அவ்வளவு பொருத்தமாகச் செய்திருந்தேன். தாடி கறுத்தது. என்னைப் பார்த்தார் என்று சொல்லலாம், ஆனால் ஓணான் எதைப் பார்க்கிறது என்று யாருக்குத் தெரியும். பாப்பா கீழே சிரித்துக்கொண்டிருந்தாள். வீடு கிடைத்துவிட்டது என்று வானிலைக்காரர் சொல்லியிருக்கிறார். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. நடுவில் கூப்பிட்டுக் கெடுக்க மனசு வரவில்லை. கொடியில் இருந்த துணியையெல்லாம் ஓரம் இழுத்து, சுருக்கம் நீக்கி, இடுக்கி போட்டேன். வாளி காலியானதும் இன்னொரு படி வழியாகக் கடைக்கு இறங்கிவிட்டேன்.

அவள் அலறவில்லை. பெட்டியோடு கடைக்குள் வந்து, மேசைமேல் வைத்துவிட்டு, அந்த மேசைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் சொன்னது உனக்குக் கேக்கலையாக்கா?"

"என்ன சொன்ன பாப்பா?"

"ஒண்ணுமில்ல. நான்தான் சத்தமாச் சொல்லியிருக்கணும். நீ துணி காயப்போட்டுட்டு இருந்த, உனக்கு எப்படிக் கேட்டிருக்கும்."

அதன் பிறகுதான் உங்களிடம் வந்தோம். செத்ததை எதற்கு டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டேன். தான் என்ன தப்புச் செய்தாள் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் வானிலைக்காரருக்குப் போன் செய்தாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். குரல் உயரவில்லை. "ஒரு ஓணானக் கூட என்னால காப்பாத்த முடியல. எனக்கு எதுக்குக் கல்யாணம், எனக்கு எதுக்குக் குழந்தை. அதையும் இப்படித்தான் கொன்னு வெப்பேன்." அவர் மறுநாள் நேரில் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் அவருக்குக் காபி கொடுத்து, கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். முந்தாநாள் அவர் கடற்கரை ஊருக்குப் போய்விட்டார்.

அது செத்தால் அவள் போய்விடுவாள் என்றுதான் நான் மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பாக நினைத்துவிட்டேன். அது செத்த பிறகு அவள் எங்கும் போகமாட்டாள் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தால், அந்த ஜீவனை இத்தனை காலம் கஷ்டப்படுத்தியிருக்க வேண்டியதில்லை. நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

ராத்திரி என் அறைக்கே வந்து படுத்துக்கொள்கிறாள். தூக்கத்தில் என் சுண்டுவிரலைத் தேடுகிறாள். கொடுக்கிறேன்.

நேற்று ஒரு படம் கொண்டுவந்தாள். வாத்தியார் தலையைச் சாய்த்துப் பார்க்கும் படம், நல்ல நாளில் எடுத்தது. "இதுக்கு ஒரு ஃப்ரேம் போட்டுத் தாக்கா. வெளுக்காத கண்ணாடியாப் போடு." அந்த வகையில் என்னிடம் ஒரே ஒரு துண்டுதான் இருக்கிறது. படத்தை அந்த அளவுக்குப் பெரிதாக்கி வாங்கிவரச் சொன்னேன். கண்ணாடியை வெட்டவே வேண்டியிருக்கவில்லை. பருத்தித் துணியால் இரண்டு பக்கமும் துடைத்தேன்.

இதை உங்களுக்குத் தபாலில் போடத்தான் ஆரம்பித்தேன், டாக்டர். உறையில் முகவரிகூட எழுதியாகிவிட்டது. ஆனால் நீங்கள் படித்தால் பாப்பாவிடம் சொல்வீர்கள். சொல்ல வேண்டியது உங்கள் கடமை என்று நினைப்பீர்கள். அவள் இப்போதுதான் இரண்டு வாய் சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள். அதனால் இந்தத் தாள்களை மடிக்காமல் அப்படியே பரப்பி, படத்துக்கும் பின்பலகைக்கும் நடுவில் வைத்து மூடப்போகிறேன். தேதி, அளவு, என்ன கண்ணாடி, எல்லாம் இதில் இருக்கிறது. சீட்டு இந்தத் தடவை கொஞ்சம் நீண்டுவிட்டது, அவ்வளவுதான். இது மறைப்பது ஆகாது. நாலு ஆணி, ஒரு சுற்று நாடா. யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

எங்கே மாட்டுவது என்று இன்று காலை பேச்சு வந்தது. ஜன்னலுக்கு எதிரே மாட்டலாம் என்றேன்.

"அங்க வெயில் நேரா விழுமேக்கா. படம் கெட்டுடாது?"

"கெடாது பாப்பா. அதுக்குத்தான நடுவுல நான் கண்ணாடி போட்டிருக்கேன்."

அவள் தலையாட்டினாள். ஆகவே அவளிடமும் சொல்லிவிட்டேன், டாக்டர்.